பெயர் போடாத குரல்கள்

காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை பாட உட்கார்ந்தால் மேடை நிறைந்துவிடும். வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், டோலக், போதாததற்கு, வாயாலேயே தாளச் சொற்கட்டு சொல்லும் கொன்னக்கோல். இந்தப் பக்கவாத்தியப் படைக்கு அந்தக் கால ரசிகர்கள் வைத்த பெயர் ‘ஃபுல் பெஞ்ச்’. நீதிமன்றத்திலிருந்து கடன் வாங்கிய சொல். பாடகர் தாளத்தில் ஒரு வழக்கைப் போட, எதிரே இத்தனை நீதிபதிகள். 1889இல் பிறந்து 1934இல் மறைந்த நயினாப் பிள்ளை அந்த வழக்குகளில் லேசில் தோற்றவர் இல்லை என்பார்கள்.

தனி ஆவர்த்தனம் வரும்போது ஒவ்வொருவரும் முறை வைத்து முன்னால் வந்து தன் வித்தையைக் காட்டுவார், பிறகு கூட்டத்துக்குள் போய்விடுவார். கடைசியில் எல்லோரும் சேர்ந்து முத்தாய்ப்பு வைப்பார்கள். தனி ஆளும் கூட்டமும் இப்படி இடம் மாறிக்கொள்வது நமக்குப் புதிதல்ல. ஆனால் மேடையில் எத்தனை பேர் இருந்தாலும் மெட்டு ஒன்றுதான். திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையன்று நூற்றுக்கணக்கானோர் பஞ்சரத்தினம் பாடுகிறார்களே, அங்கும் அத்தனை வாய்க்கும் ஒரே வரி, ஒரே ஸ்வரம்.

மேற்கத்தியக் கொயர் என்பது வேறு கணக்கு. அங்கே பாடுகிறவர்கள் நான்கு அணி. பெண்களில் உச்சக்குரல் சோப்ரானோ, தாழ்குரல் ஆல்டோ. ஆண்களில் மேல்குரல் டெனர், அடிக்குரல் பாஸ். நான்கு அணிக்கும் நான்கு தனி மெட்டு, ஒரே நேரத்தில். பெரும்பாலும் சோப்ரானோவுக்குத்தான் நாம் வீட்டுக்குப் போகும்போது முணுமுணுக்கிற மெட்டு கிடைக்கும். ஆல்டோ பாவம், நாலு வரிக்கு இரண்டு மூன்று ஸ்வரத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். தனியாகக் கேட்டால் அது ஒரு பாட்டு என்றே தோன்றாது. அதை எடுத்துவிட்டால் மொத்தமும் இளைத்துப்போகும்.

இந்த வித்தை தமிழ்நாட்டுக்கு எப்படி வந்தது? மெட்டு முதலில் வந்தது. சென்னைக் கோட்டையில் பிரிட்டிஷ் பேண்டு வாசித்ததைக் கேட்ட முத்துசாமி தீட்சிதர், அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். அவைதான் நொட்டுஸ்வரங்கள். பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டுகூட அவற்றில் ஒன்று. அவருடைய தம்பி பாலுசாமி தீட்சிதர் வெள்ளைக்காரரிடம் வயலின் கற்று, அதைக் கர்நாடக சங்கீதத்துக்கு வாங்கிக் கொடுத்தார். மெட்டும் வந்தது, வாத்தியமும் வந்தது. அந்த மெட்டோடு கூட ஒலித்த மற்ற மூன்று குரல்களை மட்டும் வாசலிலேயே விட்டுவிட்டோம். தேவைப்படவில்லை என்பதுதான் காரணமாக இருக்கும். கமகத்தால், அதாவது ஸ்வரங்களின் அசைவால், நிறைந்த ஒரு மெட்டுக்குப் பக்கத்துணை ஸ்ருதியே போதும்.

நான்கு குரல் தேவாலயங்கள் வழியாக வேரூன்றியது. ட, ர, ம என்று எழுத்தால் ஸ்வரம் குறிக்கும் ‘டானிக் சோல்ஃபா’ முறையை மிஷனரிகள் கொண்டுவந்தார்கள். ஐந்து கோட்டு நொட்டேஷன் படிக்கத் தெரியாத கிராமத்துப் பாடகர் குழுகூட அதை வைத்து நான்கு பாகமும் பாடியது. சபைக்கு வெளியே, கச்சேரிக்கென்றே கூடிய குழுக்களில் மூத்தது மெட்ராஸ் மியூசிகல் அசோசியேஷன். 1893இல் தொடங்கியது, இன்றும் பாடுகிறது. அதைப் பல ஆண்டுகள் நடத்தியவர்களில் ஒருவர் பியானோ, ஆர்கன் கலைஞர் ஹேண்டல் மானுவேல். ஜெர்மனியில் பிறந்து லண்டனில் வாழ்ந்த இசையமைப்பாளர் ஹேண்டலின் பெயரை வீட்டார் பிள்ளைக்கு வைத்திருக்கிறார்கள் என்றால் அந்த வீட்டுச் சங்கதி புரியும்.

அந்த ஹேண்டலின் ‘மெசையா’தான் உலகம் முழுக்க ஊர்க் கொயர்களின் பரீட்சை. 1741இல் சுமார் மூன்றரை வாரத்தில் எழுதப்பட்டது. 1742 ஏப்ரலில் டப்ளினில் அரங்கேறியது. கடன்பட்டுச் சிறையில் கிடந்தவர்களை மீட்பதற்கான நிதிக் கச்சேரி அது. கொயருக்கு இரண்டு தேவாலயங்களிலிருந்து ஆட்கள். தனிக்குரல்களில் ஒருவர் சுசன்னா சிப்பர், நாடக நடிகை. குடும்ப வழக்கொன்றில் பெயர் கெட்டு லண்டனை விட்டு வந்திருந்தவர். அவருக்கு நொட்டேஷன் சரியாகப் படிக்க வராது. ஹேண்டல் உட்கார்ந்து ஸ்வரம் ஸ்வரமாகச் சொல்லிக்கொடுத்தார். தனியாகப் பாடுகிறவர் எல்லோரையும்விடச் சங்கீதம் படித்தவராக இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இந்தச் சேதி உதவும்.

தமிழில், தேவாலய வாசலைத் தாண்டி, நாலு குரலைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர் எம்.பி. ஸ்ரீனிவாசன். நண்பர்களுக்கு எம்.பி.எஸ். 1925இல் சித்தூரில் பிறந்தவர், மாணவர் இயக்கம் வழியாகக் கம்யூனிஸ்டானவர். 1960இல் நிமாய் கோஷ் இயக்கத்தில் வந்த ‘பாதை தெரியுது பார்’ படத்துக்கு இசையமைத்தார். படம் ஓடவில்லை, பாட்டுகள் இன்றும் ஓடுகின்றன. ஜேசுதாஸின் முதல் திரைப்பாட்டைப் பதிவு செய்தவரும் இவர்தான், ‘கால்பாடுகள்’ மலையாளப் படத்துக்காக, 1961இல். பிறகு கேரளம் அவரை எடுத்துக்கொண்டது. அடூர் கோபாலகிருஷ்ணனின் ‘சுயம்வரம்’, ‘எலிப்பத்தாயம்’ போன்ற படங்களுக்கு அவர்தான் இசை. ஜான் ஆபிரகாமின் ‘அக்ரகாரத்தில் கழுதை’யில் அந்தக் கழுதைக்குட்டியை வளர்க்கும் பேராசிரியராக நடித்ததும் இதே மனிதர்.

சினிமா ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர் பார்த்தது ஒரு பெரிய கூட்டத்தை. வயலின் வரிசை, செல்லோ, புல்லாங்குழல், தபேலா, கோரஸ் பெண்கள். படத்தின் டைட்டிலில் இசையமைப்பாளர் பெயர் வரும், பின்னணி பாடியவர் பெயர் வரும். இவர்கள் பெயர் வராது. சம்பளமும் அப்படித்தான், கொடுத்தால் உண்டு. சென்னையில் சினிமா இசைக்கலைஞர்களுக்குச் சங்கம் உருவாக்கியதில் எம்.பி.எஸ்.ஸுக்குத் தலைமைப் பங்கு உண்டு.

அதே ஆள் 1970களின் தொடக்கத்தில் மெட்ராஸ் யூத் கொயரை ஆரம்பித்தார். கல்கத்தாவில் ரூமா குஹா தாகுர்தா 1958இல் இப்படி ஒன்றைத் தொடங்கியிருந்தார். பம்பாயில் சலீல் சௌத்ரி. சென்னைக் குழுவில் தொழில்முறைப் பாடகர்களுக்காகக் காத்திருக்கவில்லை. படிக்கிறவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், ஸ்ருதி சேர்ந்தால் போதும். பாரதியார் பாட்டு, மலையாளப் பாட்டு, வேறு பல இந்திய மொழிப் பாட்டுகள் எல்லாம் பல குரல் அமைப்பில். வானொலியில் இதற்குச் ‘சேர்ந்திசை’ என்று பெயர். பெயரில்லாத வாத்தியக்காரர்களுக்குக் கூலி கேட்டதும், பெயரில்லாதவர்களைக் கூட்டிப் பாட வைத்ததும் அவருக்கு இரண்டு வேலையாகத் தெரிந்திருக்காது என்றே படுகிறது.

வேலை சுலபமில்லை. தோடி ராகத்தின் காந்தாரத்தை எடுத்துக்கொள்வோம். அது ஒரு இடத்தில் நிற்கிற ஸ்வரமே இல்லை, ஆடிக்கொண்டே இருப்பது. ஒருவர் பாடினால் அழகு. நாற்பது பேர் ஆளுக்கொரு அளவில் ஆட்டினால் கூழாகிவிடும். அதன் அடியில் பாஸ் அணி வேறு ஒரு ஸ்வரத்தை நேராகப் பிடித்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். அதனால் சேர்ந்திசைப் பாட்டில் கமகத்தைக் குறைத்து, மெட்டை நிமிர்த்தி வைக்க வேண்டியிருக்கிறது. கர்நாடக ரசிகர் உடனே முகம் சுளிப்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஏதோ ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்குகிறார்கள்.

பயிற்சியில் பெரிய சிக்கல் தொண்டையில் இல்லை, காதில். ஒவ்வொரு அணியும் தனித்தனியே தன் பாகத்தைப் பழகும். அதுவரை எல்லாம் சுகம். நான்கையும் சேர்த்துப் பாடச் சொன்ன நிமிஷம் ஆல்டோ வரிசையில் பாதிப் பேர் தங்களை அறியாமல் சோப்ரானோ மெட்டுக்கு நழுவிவிடுவார்கள். பக்கத்தில் இருப்பவரைக் கேட்கவும் வேண்டும், அவர் பின்னால் போகாமலும் இருக்க வேண்டும். மூச்சுக்கும் ஒரு தந்திரம் உண்டு. நீளமான கார்வையில் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கினால் ஓட்டை விழும். ஆகவே முறை மாற்றி மூச்சு வாங்குவார்கள். பக்கத்து ஆள் பாடும்போது இவர் சத்தமில்லாமல் விட்டு, மறுபடி மெல்ல உள்ளே வருவார். மனிதரால் பிடிக்க முடியாத நீளத்துக்குக் கார்வை நிற்கும். கச்சேரி வித்வானால் இது ஆகாது.

எம்.பி.எஸ். 1988 மார்ச் 9 அன்று லட்சத்தீவில் காலமானார். திருவனந்தபுரத்தில் அவர் பெயரிலேயே ஒரு யூத் கொயர் இயங்குகிறது.

வாத்தியங்களின் கதை கோடம்பாக்கத்தில் நடந்தது. சென்னையில் சிம்பனி அரங்கம் கிடையாது, ஆனால் சிம்பனி வாசிக்கக்கூடிய கைகள் சினிமா ஒலிப்பதிவில் நிறைய இருந்தன. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்ற இளையராஜா ஒவ்வொரு வாத்தியத்துக்கும் நொட்ஸ் எழுதிக் கையில் கொடுப்பார். எல்லோரும் ஒன்றாக வாசித்துப் பதிவான காலம் அது. பின்வரிசையில் ஒருவர் தடுக்கினாலும் மொத்தப் பேரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். அந்த வரிசையிலிருந்து எழுந்து வந்த தனிக்கலைஞர் வி.எஸ். நரசிம்மன். 1986இல் வெளியான இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பில் தனி வயலின் அவருடையது. 1993இல் அவர் தொடங்கிய மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட், தோடி காந்தாரச் சிக்கலுக்கு ஒரு வழி கண்டது. கீர்த்தனையை முதல் வயலின் கமகத்தோடு வாசிக்கும். இன்னொரு வயலின், வியோலா, செல்லோ மூன்றும் அதைச் சுற்றி ஆடாமல் நிற்கும். ஆடுகிற வேலை ஒருவருக்கு, தாங்குகிற வேலை மூவருக்கு. மற்றவர்கள் ஒத்துழைத்தால்தான் தனி ஆள் தனியாக நிற்க முடியும் என்பது அங்கே காதால் கேட்டே தெரியும்.

2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் சிம்பனி ‘வேலியன்ட்’ அரங்கேறியது. வாசித்தது ராயல் ஃபில்ஹார்மோனிக் கான்சர்ட் ஆர்க்கெஸ்ட்ரா. தமிழர்கள் பெருமைப்பட்டோம், படவேண்டியதுதான். அதற்கு அவர் லண்டன் போகவேண்டியிருந்தது என்பதையும் கவனிக்கலாம். சம்பளம் கொடுத்து நடத்தும் முழு சிம்பனிக் குழு என்று இந்தியாவில் சொல்லக்கூடியது மும்பையில் 2006இல் அமைந்த ‘சிம்பனி ஆர்க்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா’; அதிலும் வெளிநாட்டுக் கலைஞர்கள் கணிசம். சென்னையில் ஏ.ஆர். ரகுமானின் சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ரா, வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு வயலினும் செல்லோவும் இலவசமாகக் கற்றுக்கொடுக்கிறது. செல்லோவைப் பேருந்தில் தூக்கிக்கொண்டு போன அனுபவம் உள்ளவருக்குத் தெரியும், இது வெறும் சங்கீதச் செலவு இல்லை.

கொயருக்கு அந்தச் செலவுகூடக் கிடையாது. வாலாஜாபாத் பக்கம் தென்னேரி மாதிரி ஒரு ஏரிக்கரை ஊரில் மார்கழி பஜனைக்குக் கூட்டம் சேர்ந்தால் பாதி வேலை முடிந்தது. ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் திருப்பிப் பாடும் பழக்கம் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. பலகுரலுக்குள் நுழைய எளிய வழி இது: கூட்டத்தை இரண்டாகப் பிரித்து, முதல் குழு ஒரு வரி பாடி முடித்து அடுத்த வரிக்குப் போகும்போது இரண்டாம் குழு முதல் வரியைத் தொடங்க வேண்டும். நொட்டேஷன் வேண்டாம். எல்லா மெட்டும் இதற்கு இசையாது. சங்கராபரண ஸ்வரங்களில் நேராகப் போகிற சின்ன மெட்டு தோதுப்படும், தோடி வேண்டவே வேண்டாம். தொண்டை தாழ்ந்த ஆண்கள் நாலைந்து பேரைத் தனியே உட்காரவைத்து ‘ஸ, ப’ இரண்டை மட்டும் மாற்றி மாற்றிப் பிடிக்கச் சொன்னால் அடிக்குரலும் தயார். முதல் வாரம் அவர்கள் சலித்துக்கொள்வார்கள். எல்லாக் கொயரிலும் பாஸ் வரிசை அப்படித்தான்.