அட்டையை விழுங்கியது கம்ப்யூட்டர்! பட்டுத் தறிக்குத் துளை போட்டவர் கதி என்ன?

பெரிய காஞ்சிபுரம்:

பட்டுச் சேலைக் கரையில் வரிசை கட்டும் மயிலும் அன்னமும் முன்பு அட்டையில் பிறந்தவை. ஒருவர் கட்டம் போட்ட தாளில் படம் எழுதுவார். இன்னொருவர் கட்டத்தை எண்ணி எண்ணி அட்டையில் துளை போடுவார். ஊடையில் ஒரு இழைக்கு ஒரு அட்டை. பெரிய டிசைன் என்றால் நாள் கணக்கில் வேலை, கூலியும் அப்படியே.

வந்தது கம்ப்யூட்டர். படம் எழுதுவதும் அதிலேயே, கட்டம் எண்ணுவதும் அதிலேயே. எலக்ட்ரானிக் ஜக்கார்டு பூட்டிய தறிக்கு அட்டையே வேண்டாம்!

இதில் ஒரு வேடிக்கை. 1804-ல் பிரான்சில் ஜக்கார்டு தறிக்குப் போட்ட துளை அட்டையைத்தான் இங்கிலாந்துக்காரர் பாபேஜ் தன் கணக்கு எந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார். கம்ப்யூட்டருக்கு அது தாத்தா. தாத்தாவைப் பேரன் விழுங்கிவிட்டான்.

சட்டம் இல்லையா? இருக்கு. 1985-ம் ஆண்டுச் சட்டம் 22 ரகங்களைக் கைத்தறிக்கே ஒதுக்கியது. 1996-ல் அது 11 ஆகச் சுருங்கியபோதும் சேலை தப்பியது. சேலைக்குக் காவல் உண்டு. அட்டை குத்தினவருக்கு?

பிள்ளைகளுக்கு வழி இருக்கிறது. சேலத்தில் 1960 முதல் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் நடக்கிறது. பத்தாவது தேறினால் மூன்று வருஷ டிப்ளமோ படிக்கலாம். ஐம்பது வயதில் வேலை போனவர் மூன்று வருஷம் சேலம் போவாரா? அவருக்கு வேண்டியது சாயங்கால வகுப்பு. அதுவும் பிள்ளையார்பாளையத்திலேயே, அன்றாடக் கூலியோடு. கண் வலிக்கக் கட்டம் எண்ணியவருக்கு மவுஸ் பிடிக்க எத்தனை நாள் ஆகும்?