பவழத் தொட்டிக்கேற்ற உடுமீன்

மயிலுருக்கொண்ட மலையடியிலுள்ள எம் குன்றக்குடியிற் கடலில்லை; எனினும் உப்புநீர்த் தொட்டியிற் பவழத்தோடு உடுமீன் வளர்க்க விழைவார் உண்டாகலாம். அன்னார் முதற்கண் ஆராயவேண்டுவது அதன் அழகன்று, உணவேயாம்.

மன்னார் வளைகுடாவில் வாழும் செங்குமிழ் உடுமீன் வனப்புடையது. ஆயினும் கடற்பஞ்சு, சிப்பி முதலியவற்றைத் தின்று தொட்டியைப் பாழாக்கும். நீல உடுமீன் பவழத்திற்குத் தீங்கிழையாது; ஆனால் பாறைமேற் படர்ந்த நுண்படலத்தையே மேய்வதாகலின், சிறு தொட்டியில் இரையின்றி மெலிந்து மடியும். பாம்புபோல் நெளியும் நீண்ட கைகளையுடைய பாம்புடுமீனோ, சிதறிய இரையை உண்டு இசைந்து வாழும். அவ்வினத்துட் பச்சைநிறத்தது மட்டும் சிறுமீன்களைப் பிடித்துண்ணுமாதலின் விலக்கத்தக்கது.

எதுவாயினும், நீரின் உப்பளவு திடீரென மாறின் இறக்கும். ஆதலால் தொட்டிநீரைச் சிறுகச் சிறுகக் கலந்து பழக்குதல் வேண்டும். கடற்பவழத்தையோ 2001 முதல் நம் நாட்டு வனவிலங்குச் சட்டம் காக்கின்றது. அதனைப் பெயர்த்தெடுத்தல் குற்றமாம். ஓருயிரை ஊட்டிக் காக்க வல்லோமா என முன்னர் எண்ணுவோமாக. இயலாதெனின், கடலிலேயே கண்டு மகிழ்வோமாக.