காந்தாரம் எந்த இடத்தில்?

தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு உட்காருவோம். இது ஆறுதலாகப் பேச வேண்டிய விஷயம். பொரளையில் ஒரு பிள்ளை வட இலங்கைச் சங்கீத சபையின் சோதனைகளைத் தரம் தரமாகத் தாண்டுகிறது. உயர்தரத்திலும் கர்நாடக சங்கீதத்தை ஒரு பாடமாக எடுக்கிறது. பிறகு, ‘இசைக் கோட்பாட்டில் மேற்படிப்புப் படிக்கப் போகிறேன்’ என்கிறது. ‘அதுதான் பாட்டு நல்லா வருதே, இனி என்ன படிப்பு?’ என்று வீட்டில் கேட்பார்கள்.

அப்படிக் கேட்பதற்குக் காரணம் உண்டு. நமக்குத் தெரிந்த கோட்பாடு, சோதனையில் வரும் அறிமுறைத் தாள். ராக லட்சணம், தாள அங்கங்கள், 72 மேளகர்த்தா, வாக்கேயகாரர் வரலாறு எல்லாம் பாடமாக்கி எழுதினால் புள்ளி வரும். மேற்படிப்பு என்றால் இதே தாள் இன்னும் நீளமாக இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். எல்லோரும் சறுக்கும் இடம் இதுதான். அறிமுறைத் தாளில் விடையை எழுதினோம்; மேற்படிப்பில் அந்த விடையையே சந்தேகிக்கப் பழகுகிறோம்.

அம்மம்மா குழம்புக்கு உப்புப் போடுவதை நினைத்துப் பாருங்கள். அளவு கேட்டால், ‘கைக்குத் தெரியும்’ என்பா. அந்தக் கை எடுத்ததைத் தராசில் வைத்துப் பார்ப்பவர்தான் கோட்பாட்டாளர். அவர் பெரிய சமையல்காரராக இருக்கத் தேவையில்லை. ஆனால் ருசி தெரிந்த நாக்கு வேண்டும்.

இனி ஒரு காந்தாரத்தை, அதாவது ‘க’ சுரத்தை, நிறுத்துப் பார்ப்போம். 90 சென்ரிமீற்றர் நீளத் தந்தி ஒன்றைக் கட்டுவோம். முழுத் தந்தியும் ஒலிப்பது ஷட்ஜம். நடுவில், 45இல் விரல் வைத்தால் மேல் ஷட்ஜம். மூன்றில் இரண்டு பங்கை, அதாவது 60ஐ ஒலிக்கவிட்டால் பஞ்சமம். இதுவரை யாருக்கும் சண்டை இல்லை.

சங்கராபரணத்தில் வரும் அந்தர காந்தாரத்துக்கு வந்ததும் வழி இரண்டாகப் பிரிகிறது. ஷட்ஜத்திலிருந்து பஞ்சமம், அந்தப் பஞ்சமத்துக்குப் பஞ்சமம் என்று நான்கு முறை ஏறி, கிடைத்த சுரத்தை நம் ஸ்தாயிக்கு இறக்கினால் தந்தி ஏறக்குறைய 71.1இல் நிற்கும். தம்புராவை மீட்டி, மந்தர ஷட்ஜத் தந்தியைக் கூர்ந்து கேட்டால் அதற்குள் தானாகவே ஒரு காந்தாரம் எழும். அதன்படி அளந்தால் 72. இரண்டுக்கும் இடையில் 9 மில்லிமீற்றர் வித்தியாசம். பயின்ற காது இதைக் கண்டுபிடித்துவிடும். அப்படியானால் எது சரியான காந்தாரம்?

இன்னும் ஒரு படி போவோம். சங்கராபரணம் பாடுபவர் காந்தாரத்தை ஒரே புள்ளியில் கட்டிவைப்பதில்லை. பல பிடிகளில் மத்திமத்தை நோக்கி அசைக்கிறார். பேச்சொலியை ஆராய உருவான ‘பிராட்’ என்ற இலவச மென்பொருளில் அந்தப் பாட்டைக் கொடுத்தால், காந்தாரம் இருக்க வேண்டிய இடத்தில் மேலும் கீழும் போகும் ஒரு கோடு தெரியும். அப்போது ‘எது சரி’ என்ற கேள்வி, ‘இவ்வளவு அசைவுக்குள்ளும் அதைக் காந்தாரம் என்று நாம் எப்படி அறிகிறோம்?’ என்று மாறுகிறது. ஒரு கலாநிதிப் பட்ட ஆய்வுக்கு இது போதும்.

இந்த வழியில் நமக்கு முன்னே போனவர்களும் உண்டு. 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ வெளியிட்ட தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் ஒரு சித்த வைத்தியர். ஒரு ஸ்தாயிக்குள் சுருதி 22 என்ற கணக்கை மறுத்து 24 என்று வாதிட்டார். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானம் படித்தவர், கற்பித்தவர். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். சிலப்பதிகார அரங்கேற்று காதையில் வரும் யாழ்ச் செய்திகளைக் கணக்கின் துணையோடு ஆராய்ந்து அவர் எழுதிய ‘யாழ் நூல்’ 1947இல் வெளிவந்தது. இருவருமே கச்சேரி மேடையால் பெயர் பெற்றவர்கள் அல்லர்.

பாதை எப்படி என்று கேட்டால், முதலில் இளமாணிப் பட்டம். மருதனார்மடத்தில் இராமநாதன் இசைக் கல்லூரியாகத் தொடங்கிப் பின் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த நிறுவனமும், மட்டக்களப்புக் கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் நமக்குத் தெரிந்த இடங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்திய இசைக்கென்றே ஒரு துறை உண்டு. பிறகு முதுகலைமாணி, முதுதத்துவமாணி, கலாநிதி என்று படி ஏறும்.

மேலே போகப் போக, எத்தனை கீர்த்தனை பாடம் என்பதைவிட ஆய்வு முன்மொழிவுக்கு மதிப்புக் கூடும். எதைக் கேட்கப்போகிறோம், இதுவரை யார் என்ன சொன்னார்கள், எப்படிச் சோதிப்போம் என்று சில பக்கங்களில் எழுதுவதுதான் அது. ஆகவே பிள்ளை விண்ணப்பப் படிவம் தேட முன்னர், தனக்குப் பாடமான ஒரு வர்ணத்தை எடுத்து, ‘இது ஏன் இப்படி?’ என்று தோன்றும் ஓர் இடத்தைக் குறித்துவைக்கட்டும். ஆசிரியரிடம் கேட்டும், நூல்களில் தேடியும் விடை கிடைக்காவிட்டால் சந்தோஷப்படலாம். முன்மொழிவின் முதல் வரி கிடைத்துவிட்டது.