அரச அலுவலரும் தோட்ட மக்களும்: பதுளை மாவட்டத்தை முன்வைத்து ஒரு நோக்கு

அரசு என்னும் பேரமைப்பை மக்கள் நேரிற் காண்பது அதன் அலுவலர் வாயிலாகவே யாகும். பிறப்பைப் பதிதல், அடையாள அட்டை பெறுதல், முதியோர் உதவிப்பணம் கேட்டல், மண்சரிவுக் காலத்தில் அடைக்கலம் நாடல் ஆகிய யாவற்றுக்கும் சாமானிய மனிதன் ஏறும் படி, கிராம அலுவலருடைய படியும் பிரதேச செயலாளருடைய படியுமே. சட்டம் எத்துணைச் சிறந்ததாயினும், அதை மக்களிடம் கொண்டு சேர்ப்போர் செம்மையாகச் செயலாற்றாவிடின் அஃது ஏட்டளவில் நின்றுவிடும். இதனை உணர்ந்தே வள்ளுவர் பொருட்பாலில் 'தெரிந்து வினையாடல்' என ஓர் அதிகாரம் வகுத்தார். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் எழுந்த உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலிய குழுக்களுக்கு உறுப்பினரைத் தெரிவுசெய்யும் முறையையும், கணக்குக் காட்டாதோரை விலக்கும் விதியையும் எடுத்துரைக்கின்றன. பொதுப்பணி புரிவோர்க்குத் தகுதியும் பொறுப்பும் வேண்டுமென்பது நம்மவர்க்குப் புதிய கருத்தன்று.

இப்பொதுப்பணி ஊவா மாகாணத்தில், சிறப்பாகப் பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில், எவ்வாறு வளர்ந்தது, எவ்விடத்தில் தடைப்பட்டது, இனி எவ்வாறு நடைபெறல் வேண்டும் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கச்சேரி ஆட்சியின் தோற்றம்

1815ஆம் ஆண்டிற் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1817-18இல் ஊவா, வெல்லஸ்ஸப் பகுதிகளில் எழுந்த பெருங்கிளர்ச்சி அடக்கப்பட்டபின், 1818 நவம்பர்ப் பிரகடனத்தால் பிரதானிகளின் அதிகாரம் குறைக்கப்பட்டு, ஆங்கில அலுவலரின் அதிகாரம் வளர்ந்தது. 1886இல் ஊவா தனி மாகாணமாகப் பிரிக்கப்பட்டுப் பதுளை அதன் தலைநகராயிற்று.

ஆதியில் இவ்வலுவலர் எத்தகையோராயிருந்தனர் என்பதற்கு மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்பார் தக்க சான்றாவார். பதுளையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த அவர் படைத்தலைவராகவும் தெருக்கள் அமைப்பவராகவும் பணியாற்றினார். ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் என்ற பெயரும் அவருக்குண்டு. 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி அவர் மாண்டார். பதுளை நகரிலுள்ள பரிசுத்த மாற்கு தேவாலயம் அவர் நினைவாக எழுப்பப்பட்டதே. ஒரே மனிதர் வாளும் கோலும் துப்பாக்கியும் ஏந்திய அக்காலத்தில், அலுவலரின் தலையாய கடமைகள் வரி தண்டலும் அமைதி காத்தலுமே. அவர்கள் அமைத்த தெருக்கள் முதலிற் கோப்பியையும் பின்னர்த் தேயிலையையும் துறைமுகம் நோக்கிக் கொண்டுசென்றன. 1924இற் புகையிரதம் பதுளையை அடைந்தது.

கச்சேரியின்கீழ் ரட்டே மாத்தயா, ஆராச்சி என்னும் சுதேச அதிகாரிகள் இருந்தனர். காலப்போக்கில் ரட்டே மாத்தயாவின் இடத்தைக் காரியாதிகாரி பெற்றார். 1963இற் கிராமத் தலைமைக்காரர் முறை ஒழிக்கப்பட்டுக் கிராம சேவகர் பதவி உண்டாயிற்று. இப்பெயர் மாற்றம் ஊன்றி நோக்கற்பாலது. தலைமைக்காரர் என்னுஞ் சொல் ஏவலைக் குறிக்கின்றது. சேவகர் என்னுஞ் சொல் பணியைக் குறிக்கின்றது. ஆள்வோன் என்ற நிலையிலிருந்து தொண்டு புரிவோன் என்ற நிலைக்கு அலுவலர் வரவேண்டுமென்ற எண்ணமே அப்பெயரில் அடங்கியுள்ளது. 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டம் பிரதேச செயலாளரிடம் பரந்த அதிகாரங்களை ஒப்படைத்தது. இன்று பதுளை மாவட்டம் 15 பிரதேச செயலாளர் பிரிவுகளைக் கொண்டது.

வேலிக்குள் நில்லாத அரசு

இவ்வளர்ச்சி முழுவதும் கிராமத்தை நோக்கியே நிகழ்ந்தது. பசறை, லுணுகலை, அப்புத்தளை, பண்டாரவளை, அல்துமுல்லைப் பகுதிகளிற் கிராமத்தை அடுத்தே தோட்டம் உள்ளது. ஆயினும் அரசின் கரம் தோட்ட வேலியோடு நின்றுவிட்டது. இதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது காரணம், தோட்டம் தனியார் சொத்தாகக் கருதப்பட்டமை. உறைவிடம், மருந்து, பாடசாலை ஆகியவற்றை அளிக்கும் பொறுப்பைத் தோட்ட முதலாளிமீது சுமத்திவிட்டு, அவற்றை மேற்பார்வை செய்வதோடு அரசு அமைந்தது. 1912ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம் இம்முறைக்கு எடுத்துக்காட்டாகும். இதனால், ஏனைய குடிமக்கள் அரசிடம் உரிமையாகப் பெற்றவற்றைத் தோட்டத் தொழிலாளி துரையிடம் சலுகையாகப் பெறும் நிலை உண்டாயிற்று.

இரண்டாவது காரணம் வாக்குரிமையின்மை. 1937ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் தோட்டத் தொழிலாளரைக் கிராமச் சங்க வாக்குரிமைக்குப் புறம்பாக்கியது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1964இற் செய்யப்பட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை 1974இல் இரு நாடுகளுக்கும் சமமாகப் பிரிக்கப்பட்டது. 1988இலும் 2003இலும் இயற்றப்பட்ட சட்டங்களாலேயே நாடற்ற நிலை நீங்கிற்று. வாக்கில்லாதவன் குரலுக்கு அலுவலகங்களிற் செவிசாய்ப்போர் குறைவு என்பது உலகறிந்த உண்மை.

மூன்றாவது காரணம் மொழி. தமிழும் அரசகரும மொழியென்பது 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தால் ஏற்பட்டது. நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் பல பிரதேச செயலாளர் பிரிவுகள் சிங்களமும் தமிழும் நிருவாக மொழிகளாக வழங்கும் பிரிவுகளென 1999இற் பிரகடனஞ் செய்யப்பட்டன. எனினும், தமிழ் அறியாத அலுவலரிடம் தமிழில் மட்டும் பேசத்தெரிந்த தாயொருத்தி தன் குறையைக் கூறுமிடத்து, அப்பிரகடனம் அவளுக்கு உதவுவதில்லை.

பேரும் பெயரேடும்

தோட்டத்தில் ஒருநாள் வேலையை 'ஒரு பேர்' என்பர்; நிறையளவு கொழுந்து எடுக்காதார்க்கு 'அரைப்பேர்' விழும். செக்ரோல் என்னும் பெயர்ப்பட்டியலில் ஒவ்வொருவர் பெயரும் நாள்தோறும் பதியப்பட்டது. உழைப்பைக் கணக்கிடுதற்கு இத்துணைக் கவனமாக எழுதப்பட்ட பெயர், உரிமையைக் கணக்கிடும் அரசின் ஏட்டில் நெடுங்காலம் ஏறாதிருந்தமையே இம்மக்களின் வரலாறு எனலாம்.

இதன் விளைவைப் பாடசாலை ஆசிரியர் நன்கறிவர். க.பொ.த. சாதாரணதரப் பரீட்சைக்குத் தோற்றும் மாணவனுக்கு அடையாள அட்டை வேண்டும். அதற்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பெயர் ஓரிடத்தில் ஒருவாறும் பிறிதோரிடத்தில் வேறொருவாறும் எழுதப்பட்டிருப்பின், அதைத் திருத்துதற்குத் தந்தை கச்சேரிக்குப் பன்முறை நடக்கவேண்டும். ஒவ்வொரு நடையும் ஒரு பேர் இழப்பாகும். பேருந்துக் கூலி வேறு. பிறப்பே பதியப்படாத முதியோர் உத்தேச வயதுச் சான்றிதழை நாடுவர். வளர்ந்தோர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்குமிடத்துக் கிராமத்தவர்க்குக் கிராம அலுவலர் அத்தாட்சி செய்வார். தோட்டத்திலோ தோட்ட அத்தியட்சகர் அத்தாட்சி செய்யும் வழக்கம் உண்டு. ஒரு கம்பனியின் ஊழியர், அரசின் குடிமகன் இவன் எனச் சான்றுரைக்கும் இம்முறை பழைய ஒழுங்கின் எச்சமேயாம். மேலும், இன்று லயங்களில் வாழ்வோருட் பலர் தோட்டத்தில் வேலை செய்வதில்லை. கொழும்பிலும் அயலூர்களிலும் தொழில் புரிகின்றனர். அவர்களை அறியவேண்டிய கடப்பாடு அத்தியட்சகருக்கு எங்ஙனம் உண்டாகும்? அவர்களை அறியவேண்டியவர் அரச அலுவலரே என்பது தெளிவு.

சட்டம் திறந்த கதவு

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தில் விசித்திரமான ஒரு முரண்பாடு இருந்தது. தோட்ட மக்கள் பிரதேச சபைக்கு வாக்களித்தனர். அவர்கள் தெரிவுசெய்த உறுப்பினர் சபையில் அமர்ந்தனர். ஆயினும் அச்சபையின் நிதியைத் தோட்டத்தினுள் ஒரு பாதைக்கோ குடிநீர்க் குழாய்க்கோ செலவிடுதற்கு 33ஆம் பிரிவு தடையாயிருந்தது. முப்பதாண்டுகள் கழிந்தபின், 2018இல் அப்பிரிவு திருத்தப்பட்டது. அதே ஆண்டிலேயே பெருந்தோட்டப் பிராந்தியத்திற் புதிய கிராமங்களை அமைப்பதற்கான அதிகாரசபைச் சட்டமும் நிறைவேறிற்று.

சட்டக் கதவு திறந்ததாயினும், அதனூடு நடந்து செல்லவேண்டியவர் அலுவலரே. தோட்ட நிலம் அரசுடைமை; 1992 முதல் கம்பனிகளின் குத்தகையில் உள்ளது. ஆதலின் ஒரு சிறு பாதை வேலைக்கும் பிரதேச சபை, பிரதேச செயலகம், தோட்ட நிருவாகம் ஆகிய மூன்றும் உடன்படல் வேண்டும். மூவருக்கும் உரிய பணி ஒருவருக்கும் உரியதாகாமற் போவது எளிது.

மீரியபெத்தை புகட்டிய பாடம்

பொறுப்பு இவ்வாறு சிதறுவதன் கொடுமையை 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் உலகுக்கு உணர்த்திற்று. அன்று காலை, அல்துமுல்லைப் பிரிவில் கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்சரிவிற் புதையுண்டன. உயிரிழந்தோருட் பலருடைய உடல்கள் மீட்கப்படவேயில்லை. அந்நிலம் அபாயமானது எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, அதை நிறைவேற்றற்கு வேண்டிய நிலமும் வீடும் இருக்கவில்லை. மக்கள் வெளியேறவேண்டுமாயின் எங்கே செல்வர்? லயம் தோட்டத்துடையது, நிலம் குத்தகையிலுள்ளது, வேறு காணி அவர்களுக்கில்லை. வெளியேறுமாறு சொல்வதோடு அறிவித்தற்கடன் தீரலாம், காத்தற்கடன் தீராது.

பிறிதொன்றும் ஈண்டு நினைத்தற்குரியது. அனர்த்தம் நேர்ந்த அன்று, காணாமற்போனோர் தொகை நூற்றுக்கணக்கில் எனக் கூறப்பட்டது. பின்னர் அது பெரிதுங் குறைந்தது. அங்கு வாழ்ந்தோர் எத்தனைபேர் என்பதை உடனே உறுதியாகச் சொல்ல இயலாமற் போயிற்று. உயிர் பிழைத்த குடும்பங்களுக்கு 2016இல் மகல்தெனியவிற் புதிய வீடுகள் வழங்கப்பட்டன. ஒருகாற் பேரிழப்பின் பின் இயன்ற செயல், எச்சரிக்கையின் பின்னும் இயன்றிருக்கக் கூடியதே. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியின்போது பதுளை மாவட்ட மலைகள் மீண்டும் சரிந்தமை, இப்பாடம் பழையதாகிவிடவில்லை என்பதைக் காட்டிற்று.

சமுதாய அபிவிருத்தியின் பொருள்

அலுவலர் யாவற்றையும் தாமே செய்துகொடுப்பதே சமுதாய அபிவிருத்தி எனச் சிலர் கருதுவர். இந்தியாவின் அனுபவம் இக்கருத்தை மறுக்கின்றது. 1952 ஒக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகள் பிறந்தநாளில், அந்நாட்டில் 55 இடங்களிற் சமுதாய அபிவிருத்தித் திட்டம் தொடங்கப்பட்டது. அதை ஆராய்ந்த பல்வந்தராய் மேத்தா குழு, மக்கள் தாமாக முன்வந்து பங்குகொள்ளவில்லை எனக் கண்டு, மக்களாற் தெரிவுசெய்யப்பட்ட சபைகளிடம் அதிகாரத்தை ஒப்படைக்குமாறு 1957இற் பரிந்துரைத்தது. கொடுப்பவர் அலுவலராகவும் ஏற்பவர் மக்களாகவும் இருக்கும்வரை அபிவிருத்தி வேரூன்றாது என்பதே அதன் சாரம்.

நம் தோட்டங்களில் ஒற்றுமைக்குக் குறைவில்லை. கோயிற் பரிபாலனக் குழு, மரண உதவிச் சங்கம், தொழிற்சங்கக் கிளை, இளைஞர் மன்றம் என அமைப்புகள் பல உள. திருவிழாவுக்குக் கணக்குப் பிழையாது பணம் திரட்டும் குழு, குடிநீர்த் திட்டத்தையும் நடத்தவல்லது. இக்குழுக்களை அழைத்துப் பேசி, அவர்கள் கூறுவனவற்றைத் திட்டத்திற் சேர்ப்பதே அறிவுடை அலுவலர் செயல். துரைக்கு மனுச்செய்து காத்திருந்த வழக்கம் மாறி, கச்சேரிக்கு மனுச்செய்து காத்திருக்கும் வழக்கம் வருமாயின், அதில் முன்னேற்றம் சிறிதே.

அலுவலர் கடன்

இதுகாறும் கூறியவற்றால், தோட்டப் பகுதியிற் பணிபுரியும் அலுவலருக்குரிய கடன்கள் புலப்படும். முதலாவது, தம் பிரிவிலுள்ள ஒவ்வொரு லயத்திலும் வாழ்வோரின் பெயரேட்டைத் தாமே பேணுதல். ஏனைய சேவைகள் அனைத்துக்கும் இதுவே அடித்தளம். பெயரறியாதானுக்கு உதவிப்பணமும் கிடையாது, புதையுண்டால் தேடுவாருமில்லை. இரண்டாவது, மக்களை அலைக்கழியாது நடமாடும் சேவையைத் தோட்டத்துக்கே கொண்டுசெல்லல். அதனையும் பெரட்டுக் களத்திலிருந்து மலைக்குச் சென்றுவிடும் வேலைநாளில் வையாது, அவர்கள் வீட்டிலிருக்கும் நாளில் வைத்தல். மூன்றாவது, தமிழிற் கேட்டுத் தமிழில் விடையளித்தல். தாம் அறியாராயின் அறிந்தோரை அமர்த்தல். நான்காவது, பிற நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தோடு கடமை முடிந்ததெனக் கருதாது, செயல் முடியுங்காறும் பின்தொடர்தல்.

இவற்றை எல்லாம் அலுவலர் ஒருவரே நிறைவேற்றுதல் அரிது. பரந்த மலைப்பிரிவில் பல தோட்டங்களைக் கவனிக்கும் கிராம அலுவலரின் சுமை பெரிது; பகிர்ந்து கொள்ளத் துணைவர் வேண்டும். தோட்டத்திற் பிறந்து கல்விகற்ற இளைஞரும் யுவதியரும் அரச சேவையிற் சேர்வது இதனாலேயே இன்றியமையாததாகின்றது. லயத்தின் வழியறிந்த ஒருவர் கிராம அலுவலராக வரும்போது, வேலி தானே தாழும். கல்லூரி வாயிலைக் கடந்து செல்லும் மாணவர், ஆசிரியராகவும் மருத்துவராகவும் ஆகவேண்டுமென எண்ணுமாறே, மக்கள் படியேறி வரும் அலுவலகத்தில் அவர்தம் பெயரைப் பிழையின்றி எழுதும் அலுவலராகவும் ஆகவேண்டுமென எண்ணுவார்களாக.