நாய் கவ்விய கோழிக்கு முதலில் இருட்டு ஏன்?

நாய் கவ்விய கோழியைக் கண்டதும் கை மஞ்சள்தூளைத் தேடும். ஆனால் முதல் சில மணி நேரத்தில் காயத்தைவிட அதிர்ச்சியே அதைச் சாய்த்துவிடக்கூடும்: ரத்த ஓட்டம் சுருங்கி, சுமார் 41 டிகிரி செல்சியஸில் இருக்கவேண்டிய உடல் குளிர்ந்துபோகிறது. ஆகவே ரத்தத்தைச் சுத்தமான துணியால் அழுத்தி நிறுத்தியதும், கதகதப்பான, இருட்டான அட்டைப்பெட்டிதான் முதல் சிகிச்சை. தனியாக வைப்பதும் அவசியம். ரத்தச் சிவப்பைக் கண்டால் கூட்டாளிக் கோழிகளே கொத்தும்.

"எழுந்து நடக்கிறதே, தீனி பொறுக்குகிறதே" என்பார்கள். இரையாகும் உயிர் தன் பலவீனத்தை மறைக்கும். அந்த நடையை நம்பக்கூடாது. கோரைப்பல் தோலில் சிறு துளைதான் போடும். உள்ளே தசையைக் கிழித்து, பாஸ்சரெல்லா போன்ற எச்சில் கிருமிகளை விதைத்துவிடும். மேலே இறகு மூடிக்கொள்ளும். கோழியின் சீழ் நம்முடையதுபோல் வடிவதில்லை, பாலாடைக்கட்டிபோல் இறுகித் தங்கிவிடுகிறது. அதனால்தான் இறகை விலக்கி ஒவ்வொரு துளையையும் தேடி, லிட்டருக்கு 9 கிராம் உப்பிட்டுக் கொதித்தாறிய நீரால் கழுவவேண்டும். மஞ்சளுக்குக் கிருமியை எதிர்க்கும் தன்மை உண்டுதானே? உண்டு, ஆனால் பசையாகித் துளையை அடைத்தால் அழுக்கு உள்ளேயே நின்றுவிடும், ஆழத்துக் கிருமியை அது எட்டாது. அங்கே எட்டுவது ஆன்டிபயாட்டிக்தான். அளவைக் கால்நடை மருத்துவர் சொல்லவேண்டும், அதுவும் அன்றைக்கே. புண் ஆறும்வரை ஈ மட்டும் மொய்க்கக்கூடாது.