ஊடலை அறியும் கருவிகள்

சினங்கொண்டவர் முகம் சிவக்கிறது. அஞ்சியவர் உள்ளங்கை வியர்க்கிறது. உள்ளத்தில் எழும் உணர்ச்சி உடலில் வெளிப்படும் என்பது யாவரும் அறிந்ததே. இதனை அடிப்படையாகக் கொண்டு, காதலரிடையே எழும் பூசலை அணிகருவிகளால் கண்டறிய விஞ்ஞானிகள் முயன்று வருகின்றனர்.

இதற்கு முன்னோடியான ஆராய்ச்சி 1983-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அமெரிக்க உளவியல் அறிஞர்களான லெவன்சன், காட்மன் ஆகிய இருவரும் 30 தம்பதிகளைச் சோதனைக் கூடத்தில் உரையாடச் செய்து, அவர்களுடைய இதயத் துடிப்பு, சருமத்தின் மின்கடத்து திறன் முதலியவற்றை அளந்தனர். மனக்குறை மிகுந்த தம்பதிகளிடையே, ஒருவர் உடலில் தோன்றும் மாறுதல் மற்றவர் உடலிலும் எதிரொலிப்பது புலனாயிற்று.

ஆனால் சோதனைக் கூடம் வேறு, வீடு வேறு. தென் கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தார் 2017-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் காதலர்கள் தம் அன்றாட அலுவல்களின் நடுவிலேயே இக்கருவிகளை அணிந்திருந்தனர். இதயத் துடிப்பு, வியர்வை, உடல் வெப்பம் ஆகியவை பதிவாயின. கைபேசி அவ்வப்போது பேச்சைப் பதிவு செய்தது. பூசல் நேர்ந்ததா என்பதை மணிக்கொரு முறை அவர்களே குறித்தனர். இவற்றைக் கொண்டு பயிற்றப்பட்ட கணிப்பொறி, பூசல் நேர்ந்த வேளைகளைச் சுமார் 86 சதவிகிதம் வரை சரியாகக் கணித்தது.

வியர்வைச் சுரப்பிகள் பரிவு நரம்பு மண்டலத்துக்குக் கட்டுப்பட்டவை. மனம் கிளர்ச்சியுறும்போது வியர்வை நுண்ணிய அளவில் சுரக்கிறது. உப்புக் கலந்த அவ்வீரத்தின் வழியே மின்சாரம் எளிதிற் பாய்கிறது. எனினும், படியேறினாலும் வெயிலில் நடந்தாலும் இதே மாறுதல் உண்டாகும். கருவி கிளர்ச்சியைக் காட்டுமேயன்றி அதன் காரணத்தைக் காட்டாது.

சதவிகிதத்தையும் ஆராய்ந்தே ஏற்க வேண்டும். 100 மணி நேரத்தில் 5 மணி நேரமே பூசல் நிகழ்வதாகக் கொள்வோம். 100-க்கு 14 முறை தவறும் கருவி, பூசல் வேளைகளில் 4-ஐக் கண்டுகொள்ளும். அமைதியான 95 மணி நேரத்திலோ சுமார் 13-ஐப் பூசல் என்று பிழையாக அறிவிக்கும். இல்லாத சண்டையை உண்டென்று சொல்வது நல்லுறவையும் கெடுக்கக்கூடும். பிறர் உள்ளத்தை வேவு பார்க்கவும் இவை உதவும் என்ற அச்சமும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இயற்றிய செயற்கை நுண்ணறிவுச் சட்டம், மருத்துவம், பாதுகாப்பு ஆகிய காரணங்கள் நீங்கலாக, பணியிடங்களிலும் கல்வி நிலையங்களிலும் உணர்ச்சியைக் கணிக்கும் அமைப்புகளைத் தடை செய்துள்ளது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே விளக்கலாம். ஒரு மாணவன் ஓடி வந்ததும் அவன் நாடியை எண்ணுக. அவையேறிப் பேசும் முன்னர் மீண்டும் எண்ணுக. இரு முறையும் எண்ணிக்கை உயர்ந்திருக்கும். காரணம் அறிய வேண்டுமாயின் அவனையே வினவ வேண்டும்.