சுந்தரலிங்கம்: பேராசிரியரும் அமைச்சரும்

கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியிற் கணிதப் பேராசிரியராக விளங்கிய செ. சுந்தரலிங்கம், 1947இல் வவுனியாத் தொகுதியிற் சுயேச்சையாக வென்று டி. எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையில் வர்த்தக அமைச்சரானார். மலையகத் தமிழரின் குடியுரிமைப் பிரச்சினையில் முரண்பட்டு 1948 இறுதியிற் பதவி துறந்தார். பின்னர்த் தனித் தமிழ் அரசும் கோரினார்.

அவரே 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில், ஒடுக்கப்பட்ட சாதியினரின் ஆலயப் பிரவேசத்தைத் தடுத்து நின்றார். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்தின் கீழ்த் தண்டிக்கப்பட்டார்.

'அடங்காத் தமிழர்' எனப்பட்டவரின் இவ்விரு செயல்களையும் வெறும் முரண்பாடென ஒதுக்குதல் எளிது. நாம் அவ்வாறு கருதவில்லை. நாடாளுமன்றத்தில் அவர் காக்க முனைந்தது இனத்தின் உரிமை; கோயிலிற் காக்க முனைந்தது அவ்வினத்துக்குள் நிலவிய மேலாண்மை. மரபுவழி ஒழுங்கைப் பேணும் நோக்கு இரண்டிற்கும் பொதுவானது. 1977 வன்செயல்களின் பின் மலையகத் தமிழர் பலர் குடியேறிய வன்னியில், இனவுரிமைக் கோரிக்கையை அகச்சமத்துவத்தைக் கொண்டே மதிப்பிடல் வேண்டும்.